லிப்ட் சித்தியின் குரல் யார் சொத்து

மே 3, ஞாயிறு

வாலு,

இதற்குப் பெயர் கடிதம். காகிதத்தில் பேனாவால் எழுதுவது. உன் தலைமுறை பார்த்திருக்காது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

போனில் கூப்பிட்டுத் திட்டத்தான் நினைத்தேன். உன் எண்ணை எடுத்தும் விட்டேன். பிறகுதான் உறைத்தது: நான் திட்டுவதை நீ பதிவு செய்வாய், வெட்டுவாய், ஒட்டுவாய், அடுத்த வாரம் அதையும் ஊர் உலகம் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆகவே இனி என் குரல் உனக்குக் கிடையாது. ஒரு 'ஹலோ'கூடக் கிடையாது. எழுத்துதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அக்கா கேட்டால் நீ இதைத் தலைகீழாகச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

போன விடுமுறையில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டு வாசலில் ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கமாகக் குரல் கொடுக்கிற லிப்ட் கம்பெனிக்குப் புது ஒப்பந்தத்துக்காக மாதிரிக் குரல் அனுப்ப வேண்டும், எனக்கோ சத்தமில்லாத இடம் இல்லை. உங்கள் மர பீரோவுக்குள், அக்காவின் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்து, 'கதவு மூடுகிறது', 'மூன்றாம் தளம்', 'அதிக எடை, தயவுசெய்து ஒருவர் இறங்கவும்' என்று பேசினேன். நீ வெளியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினாய். வரிகளுக்கு நடுவில் நான் எனக்குள் புலம்பியதையெல்லாம் அழித்துவிடுவதாகச் சொன்னாய்.

நீ அழித்த லட்சணத்தை என் எதிர்வீட்டுக்காரர் தன் போனில் காட்டினார். ஒரு லிப்ட் படம். அதற்கு என் குரல். 'அதிக எடை, தயவுசெய்து ஒருவர் இறங்கவும்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் 'அய்யோ, மூச்சு முட்டுது, யாரு இவ்ளோ சட்டை வாங்கினது' என்று சலித்துக்கொள்கிற லிப்ட். கடைசியில் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய், 'இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்' என்று புலம்புகிற லிப்ட். எதிர்வீட்டுக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது யார் குரல் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அதோடு போயிருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு ரிங்டோன் கம்பெனி உன் வீடியோவின் ஒலியை அப்படியே தூக்கி, அடியில் டம்டம் என்று ஒரு தாளத்தைப் போட்டு, தன் பெயரில் பதிவு செய்துவிட்டது. அந்தப் பதிவோடு ஒத்துப்போகிற எல்லாவற்றையும் தேடிப் பிடிக்க ஒரு இயந்திரம் இருக்கிறதாம். அது உன் வீடியோவை விட்டுவிட்டு, வேலை கேட்டு நான் மாதிரிக் குரல்களைப் போட்டு வைத்திருக்கிற என் இணையப் பக்கத்துக்கு நேராக வந்தது. என் மாதிரிக் குரல்கள் அத்தனையையும் முடக்கிவிட்டது. எனக்கு வந்த அறிவிப்பை எழுத்து மாறாமல் தருகிறேன்: 'இந்த ஒலி உங்களுடையது அல்ல. மற்றவர் படைப்பை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.'

என் தொண்டையைப் பார்த்துச் சொல்கிறது, வாலு.

லிப்ட் கம்பெனி அதிகாரி கூப்பிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் விவகாரம் தீர வேண்டும், இல்லையென்றால் இயந்திரக் குரலை வைத்துக்கொள்வார்களாம். அதற்கு வம்பும் இல்லை, அக்கா மகளும் இல்லை.

அந்த வீடியோவை உடனே எடு.

சித்தி


மே 7, வியாழன்

மாண்புமிகு லிப்ட் சித்தி அவர்களுக்கு,

தங்கள் தபாலில் என் தப்பு வந்து சேர்ந்தது. அம்மா முதலில் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். பிறர் கடிதத்தைப் படிப்பது எந்த உரிமையில் சேர்த்தி என்று கேட்டேன். "பெத்தவ உரிமை" என்றாள். அதற்கு எந்த இயந்திரமும் தடை போடுவதில்லை.

சித்தி, நீ உரிமை உரிமை என்கிறாய், அம்மா எருமை எருமை என்கிறாள், நடுவில் நான் ஒருத்தி மாட்டிக்கொண்டேன். என் பக்கத்தையும் கேள்.

ஒன்று, அது கிண்டல். கிண்டலுக்கு எடுத்தால் நியாயமான பயன்பாடு. எங்கள் கணினி டீச்சரே சொல்லியிருக்கிறார். விமர்சனம், பாடம், நையாண்டி, இதற்கெல்லாம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். நான் லிப்டை நையாண்டி செய்தேன். லிப்ட் இதுவரை புகார் சொல்லவில்லை.

அடுத்து, அது யார் பதிவு? பீரோ எங்களுடையது. கம்பளிச் சட்டை அம்மாவுடையது. மைக் மட்டும் உன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். பட்டனை அழுத்திய விரல் என்னுடையது. போட்டோவில் இருப்பவரைவிட போட்டோ எடுத்தவருக்குத்தான் உரிமை என்று எங்கேயோ படித்தேன். அப்படிப் பார்த்தால் நீ வெறும் காட்சி, நான்தான் கேமரா.

கடைசியாக, 'நன்றி: என் சித்தி' என்று போட்டிருந்தேன். சின்ன எழுத்துதான். ஆனால் போட்டிருந்தேன்.

அந்த ரிங்டோன்காரர்கள் செய்தது மட்டும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நான் எடுத்தது நியாயமான பயன்பாடு. அவர்கள் எடுத்தது அநியாயமான பயன்பாடு. இது கூடவா அந்த இயந்திரத்துக்குத் தெரியாது? தாளமும் படு மட்டம். கோடை விடுமுறையிலும் நடக்கிற எங்கள் சிறப்பு வகுப்பில் பாதிப் பேர் போனில் அது இருக்கிறது. கணக்கு வகுப்பு நடுவே 'இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்' என்று அடிக்கிறது. கணக்கு சார் தன்னைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு முகம் சிவக்கிறார்.

கோபப்படாமல் யோசித்துப் பார், சித்தி. நீ பிரபலமாகிவிட்டாய். பதிப்புரிமை உனக்கு, பாதிப்புரிமை எனக்கு என்று பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கேமரா வாலு


மே 11, திங்கள்

வாலு,

உன் டீச்சரிடம் இதையும் கேட்டு எழுது. கிண்டலுக்குக் கொஞ்சம் எடுக்கலாம், சரி. நீ கொஞ்சமா எடுத்தாய்? சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டு, ருசி பார்த்தேன் என்கிறாய். லிப்டைக் கிண்டல் செய்தேன் என்கிறாயே, அந்த வீடியோவில் லிப்ட் எங்கே இருக்கிறது? நான்தான் இருக்கிறேன். பீரோவுக்குள் உட்கார்ந்து முனகுகிற நான்.

கேமரா உவமைக்கு உன்னை மெச்சுகிறேன். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தால் உன் பல்லும் அவருடையதா?

இதோடு நிறுத்தியிருப்பேன். கணக்கு சார் கதை எழுதினாய் பார், அதனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். நான் பேசும் வரி எதுவும் என்னுடையது இல்லை. 'கதவு மூடுகிறது' கம்பெனிக்காரருடையது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' வேறு ஒருவருடையது, முக்கியம் என்றுகூட நான் நினைத்ததில்லை. எழுதிக் கொடுப்பதைச் சொல்லிவிட்டுப் போவது என் பிழைப்பு. வரிக்கும் வரிக்கும் நடுவில் நான் எனக்குச் சொல்லிக்கொள்வது மட்டும்தான் என் சொந்தப் பேச்சு. அதைத்தான் நீ எடுத்தாய்.

'இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்.' அது லிப்டுக்காகச் சொன்னது இல்லை. அன்று காலையில்தான் இன்னொரு கம்பெனி, இனி எங்களுக்கு மனிதக் குரல் வேண்டாம் என்று எழுதியிருந்தது. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. பீரோவுக்குள் இருட்டாக இருந்தது, யாரும் இல்லை என்று நினைத்தேன். நீ ஹெட்போன் போட்டிருக்கிறாய் என்பது அந்த ஒரு நிமிஷம் மறந்துபோய்விட்டது.

அது இப்போது கணக்கு வகுப்பில் அடிக்கிறது.

வீடியோவை எடு என்றேன். இன்னும் எடுக்கவில்லை. காலையில்கூடப் பார்த்தேன்.

சித்தி


மே 15, வெள்ளி

சித்தி,

எடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே, பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் அழித்தேன். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. ஆமாம். 'உறுதியாகவா?' ஆமாம். 'மீட்க முடியாது, சம்மதமா?' ஆமாம், ஆமாம், ஆமாம். அம்மாகூட என்னிடம் இத்தனை தடவை கேட்டதில்லை.

பிறகு அந்த ரிங்டோன் கம்பெனிமேல் அவர்கள் பக்கத்திலேயே புகார் கொடுக்க உட்கார்ந்தேன். பெயர் கேட்டது, கொடுத்தேன். வயது கேட்டது, கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் கேட்டது பார்: 'உங்கள் படைப்பு எங்கள் பதிவுக்கு முன்பே வெளியானது என்பதற்குச் சான்றாக, அது வெளியான பக்கத்தின் இணைப்பை இங்கே தரவும்.'

அந்தப் பக்கத்தைத்தான் சித்தி, நான் நிரந்தரமாக, உறுதியாக, சம்மதத்தோடு அழித்திருந்தேன்.

கணினியில் கோப்பு இருக்கிறது. ஆனால் அதன் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், செல்லாது என்கிறார்கள். மற்றவர்கள் எடுத்துப் போட்டதெல்லாம் ரிங்டோன் பதிவான பிறகு வந்தது. ஆக, உலகத்தில் இப்போது அந்த ஒலியை முதலில் வெளியிட்டவர்கள் யார் என்று கேட்டால், அந்தத் தாளக்காரர்கள்தான். நான் அவர்களைப் பார்த்துக் காப்பியடித்தவள்.

பிறந்ததிலிருந்து ஒரு பேச்சும் கேட்காமல் வளர்ந்தேன். ஒரு குறையும் வரவில்லை. முதல்முறை சொன்ன பேச்சைக் கேட்டேன். பலன் இது.

அந்த வரியைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். அப்புறம் எழுதுகிறேன்.

வாலு (சுருட்டிய நிலையில்)


மே 19, செவ்வாய்

வாலு,

நீ சொன்ன பேச்சைக் கேட்பாய் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. எடு என்று கத்தினால் நீ எடுக்கமாட்டாய், நாலு நாள் இழுப்பாய், அதற்குள் வக்கீல் யாரையாவது கேட்டு வைக்கலாம் என்றிருந்தேன். என் கணக்கு அது. உன்னைப் போய் நம்பாமல் இருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நேற்று அந்த ரிங்டோன் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. எடுத்தது யார் தெரியுமா? நான்.

சிரிக்காதே. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்.' எப்போதோ ஒரு டெலிபோன் கம்பெனிக்குப் பேசிக் கொடுத்தது. அவர்கள் அதை வாடகைக்கு விடுகிறார்கள் போலிருக்கிறது. என் குரலைத் திருடினவர்களிடம் முறையிடப் போனால், என் குரலே வாசலில் நின்று என்னைத் தடுக்கிறது. காதில் போனை வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்றேன் நான். "எங்கடி இருக்கு பொறுமை" என்றேன் நானே. 'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்' என்று அவ்வளவு இனிமையாகச் சொல்கிறேன், வாலு. அந்த நாளில் நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். பாத்திரம் கழுவி, துடைத்து, அடுக்கியும் முடித்தேன். அப்புறம்தான் ஒரு பெண் வந்தாள்.

"மேடம், உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றாள்.

"இவ்வளவு நேரம் உங்க லைன்ல நான்தாம்மா பேசிட்டு இருந்தேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என்னைக் கொஞ்சம் பயத்தோடு கையாள ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதன் சாரம் இது. அது அவர்கள் ஸ்டுடியோவில் அவர்கள் கலைஞர் பேசியது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், மூலப் பதிவை முழுதாக, ஒரு இடம்கூட வெட்டாமல் அனுப்ப வேண்டும். அவர்கள் குழு உட்கார்ந்து கேட்கும்.

அந்த முழுப் பதிவு உன்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். அக்காவைப் பற்றி நான் சொன்னது இருக்கிறது. அதை அவள் கேட்டால் இந்தக் குடும்பமே இரண்டாகும். நடுவில் ஒரு இடத்தில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அது எப்படிக் கேட்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

ஒரு வரி என்னுடையது என்று காட்ட, மிச்சம் எல்லாவற்றையும் அவர்களிடம் தூக்கிக் கொடுக்க வேண்டும். முன்பின் தெரியாத நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கேட்பார்கள். கொடுக்கவில்லை என்றால் மாதக் கடைசியில் வேலை போகும்.

இன்னும் முடிவு செய்யவில்லை. நான் சொல்லும்வரை அதை யாருக்கும் அனுப்பாதே. இந்தப் பேச்சையும் கேட்டுத் தொலை.

சித்தி


மே 23, சனி

சித்தி,

முழுப் பதிவை அனுப்ப வேண்டாம். அனுப்பவே வேண்டாம். நான் ஒன்று கண்டுபிடித்தேன். அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், வழக்கமான கோணல் இல்லை.

அவர்கள் ரிங்டோனை எடுத்தேன். காசு கொடுத்து வாங்கவில்லை, என் தோழியின் போனில் அடிக்கவிட்டு எடுத்தேன். (இது நியாயமான பயன்பாடுதான். இதில் மட்டும் என்னோடு சண்டை போடாதே.) பாட்டிலிருந்து தாளத்தைப் பிரித்து எடுக்கிற ஒரு செயலி இருக்கிறது. டம்டம்மைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பெரிய ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். 'இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்' வருகிறதா, அந்த 'எங்க'வுக்கு அடியில், தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒரு குரல்.

"வாலு, பீரோவ ஏண்டி சாத்தி வச்சிருக்க, என் கம்பளிச் சட்ட வேணும்."

அம்மா.

அன்றைக்கு அம்மா பின்கட்டிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள், ஞாபகம் இருக்கிறதா? நீ உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியாது. நான் கையைக் காட்டி அடக்கினேன். மைக்கில் விழாது என்று இரண்டு பேரும் நினைத்தோம். விழுந்திருக்கிறது. என் வீடியோவிலும் இருந்திருக்கும், நானே கவனிக்கவில்லை. தாளக்காரர்களும் கவனிக்கவில்லை. தன் குரல் எடுபடவில்லை என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. இதோ, ஊரில் பாதிப் போன்களில் எடுபடாமல் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

உடனே அவர்களுக்கு எழுதினேன். உனக்காகப் படி எடுத்திருக்கிறேன்:

'ஐயா, தங்கள் ஸ்டுடியோவில் தங்கள் கலைஞர் பேசியதாகத் தாங்கள் சொல்லும் ஒலியின் அடியில் என் அம்மா என்னைத் திட்டுகிறார். என் அம்மா தங்கள் ஸ்டுடியோவுக்கு எப்போது வந்தார், அங்கே ஏன் கம்பளிச் சட்டை கேட்டார், தங்கள் கலைஞர் ஏன் பீரோவுக்குள் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தயவுசெய்து விளக்கவும்.'

இன்று பதில் வந்தது. முதல்முறையாக ஒரு மனிதர் எழுதிய பதில். எழுத்துப்பிழை இருந்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த அம்மாவை லைனில் வரச்சொல்லுங்கள், குரலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "என் குரலையுமா வித்துட்டு இருக்கானுங்க" என்று கொதித்தாள். கொஞ்சம் கழித்து வந்து, "அதுல என் குரல் எப்டி இருக்கு?" என்றாள். திங்கட்கிழமை பேசுகிறாள்.

பதில் எழுது.

வாலு (நிமிர்ந்த நிலையில்)


ஜூன் 1, திங்கள்

வாலு,

அக்கா போன் செய்து முழுக் கதையையும் சொன்னாள். ஸ்பீக்கரில் போடவில்லை, நீ பக்கத்தில் இல்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேசினேன்.

அந்தக் குழு லைனில் வந்து, "அம்மா, அந்த வரிய ஒரு தடவ சொல்லுங்க" என்றதாம். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்த்து மடல் வாசிப்பதுபோல், 'வாலு, பீரோவை ஏன் சாத்தி வைத்திருக்கிறாய்' என்று இலக்கணமாகச் சொன்னாளாம். "இது ஒத்துப்போகலையேம்மா" என்றார்களாம். "சும்மா கத்துன்னா எப்டிங்க கத்துறது, காரணம் வேணும்ல" என்றாளாம் அக்கா. அப்போது நீ உள்ளே போய் அவளுடைய புதுக் கம்பளிச் சட்டையைத் தரை துடைக்கிற குச்சியில் மாட்டிக் கொண்டுவந்து காட்டினாயாமே. பிறகு ஒப்பிடுவதற்குக் குரலுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. போதும் போதும் என்று அவர்களே கெஞ்சினார்களாம்.

ரிங்டோனை எடுத்துவிட்டார்கள். என் பக்கம் திரும்பி வந்துவிட்டது. இயந்திரம் எனக்கு எழுதியிருக்கிறது: 'உங்கள் ஒலி உங்களுடையது எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. உங்கள் புரிதலுக்கு நன்றி.' எனக்கு ஒரு புரிதலும் இல்லை. மன்னிப்பு என்ற சொல் அதற்குச் சொல்லித் தரப்படவில்லை போலிருக்கிறது. உனக்கும் அதற்கும் ஒரே பள்ளிக்கூடமா?

லிப்ட் கம்பெனிக்குப் போனேன். அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார், பிறகு உட்கார்ந்து இழுத்தார். "மேடம், குரல்ல ஒரு குறையும் இல்ல. ஆனா ஆஸ்பத்திரி லிப்ட்ல ஜனங்க சிரிக்கிறாங்க. லிப்டப் பாத்து சிரிக்கக் கூடாது மேடம், நம்பிக்கை போயிடும்" என்றார். கடைசியில் இந்த வருடத்துக்கு மட்டும் கையெழுத்து. அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறார். ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'பதிவு நடைபெறும் கட்டடத்தில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் எவரும் இருத்தலாகாது.' வக்கீல் வைத்து எழுதியது. உனக்காகவே ஒரு சட்ட வாசகம் பிறந்திருக்கிறது. அக்காவிடம் காட்டு, பெருமைப்படுவாள்.

வேலை பிழைத்தது. அவ்வளவுதான் சொல்லலாம். போன் செய்வேன் என்று எதிர்பார்க்காதே. இன்னும் ஆறவில்லை.

சித்தி


ஜூன் 8, திங்கள்

சித்தி,

சட்ட வாசகத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அம்மா பெருமைப்படவில்லை. கம்பளிச் சட்டையை இரண்டாம் தடவையாகத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பல் டாக்டரிடம் போனேன். அந்தக் கட்டடத்தில் உன் லிப்ட். உள்ளே ஏழெட்டுப் பேர். நீ, "கதவு மூடுகிறது" என்றாய். எல்லோரும் எதற்கோ காத்திருப்பதுபோல் மேலே பார்த்தார்கள். பார்சல் கொடுக்க வந்த அண்ணன் ஒருவர், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, உன்னை மாதிரியே, "இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்" என்றார். லிப்டே குலுங்கியது. ஒரு மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வீடியோ இல்லை. ரிங்டோன் இல்லை. இயந்திரம் எல்லா இடத்திலும் தேடி அழித்துவிட்டது. ஆனால் அந்த அண்ணன் வாயில் இருக்கிறது. அதற்கு எந்தப் பக்கத்தில் புகார் கொடுப்பது? எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "பாப்பா மட்டும் சிரிக்கலையே" என்றார். பல் வலி என்றேன்.

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன் என்றேனே, அதை இப்போது எழுதுகிறேன். அன்று ஹெட்போனில் நீ அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பேசாமல் இருந்த இடம் வந்தது, என்ன செய்வது என்று தெரியாமல் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோவைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அப்புறம் வீடியோ செய்யும்போது அந்த மௌனத்தை இரைச்சல் என்று வெட்டிவிட்டு, வரியை மட்டும் வைத்து, லிப்ட் படத்தை ஒட்டினேன். ஒட்டினதும் சிரிப்பாகிவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

இதற்கு வார்த்தை விளையாட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடினேன்.

முழுப் பதிவையும் ஒரு பென்டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என்னிடம் நகல் இல்லை. நீ நம்பமாட்டாய். நானாக இருந்தால் நானும் நம்பமாட்டேன். அம்மாவைப் பற்றி நீ சொன்னது அதில் அப்படியே இருக்கிறது. அம்மா கேட்கவில்லை. கேட்கவிடாமல் காப்பாற்ற நான் பட்ட பாடு தனிக் கதை.

வாலு


ஜூன் 13, சனி

வாலு,

பென்டிரைவ் வந்தது. கேட்கவில்லை. உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நேற்று வங்கிக்குப் போனேன். ஆறாம் மாடியில் வேலை முடிந்து இறங்கும்போது லிப்டில் நானும் ஒரு கல்லூரிப் பையனும் மட்டும். ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றது. விளக்கு மங்கியது. மேலே நான், "தயவுசெய்து அமைதியாக இருக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே எனக்கு என்ன தோன்றியதோ, என்னையறியாமல் வாய்விட்டு, "இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்" என்று சொல்லிவிட்டேன்.

பையன் சிரித்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"நல்லா ட்ரை பண்றீங்க மேடம். ஆனா அசல் இப்டி இல்ல."

"அசல் எப்படிப்பா இருக்கும்?" என்றேன்.

"அதுல கடைசில ஒரு சின்ன மூச்சு வரும். போவேன்னு சொல்லிட்டு, ஹ்ம்னு உள்ள இழுக்கிற மாதிரி. அந்த மூச்சுலதான் விஷயமே இருக்கு. உங்களுக்கு அது வரல."

சொல்லிக் காட்டினான். என்னைத் திரும்பச் சொல்லவைத்தான். "இல்ல, இன்னும் கொஞ்சம் மெதுவா" என்றான். மெக்கானிக் வந்து லிப்டைக் கிளப்பும்வரை அந்தப் பையன் எனக்கு என் குரலைப் பேசச் சொல்லிக்கொடுத்தான், வாலு. நான் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. "பரவால்ல மேடம், பிராக்டிஸ் பண்ணா வந்துடும்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனான்.

நீ மௌனத்தை வெட்டினாய். மூச்சை வெட்ட மறந்துவிட்டாய். உன் வேலை எப்போதும் அரைகுறைதான்.

நாளை காலை போன் செய்கிறேன். முதல் மணியிலேயே எடு, எனக்குக் காத்திருந்து சலித்துவிட்டது. நான் பேசப் பேசக் கேட்டு, அசல் மாதிரி இருக்கிறதா என்று சொல். நீ ஒருத்திதான் நேரில் கேட்டவள்.

சித்தி